ரத்னகிரி வரை கெடு

எங்கள் நாய்க்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. டெல்லி முனிர்காவில் ஒரு மழை நாளில் என் குடைக்குள் வந்து நின்று, ஆர்.கே. புரத்தில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கூடவே நடந்து வந்தவன் அவன். என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அவர் "ஏலே" என்று கூப்பிடுவார். நான் பொள்ளாச்சிக்காரி, "சாமி" என்பேன். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். இரண்டுக்கும் ஒரே மாதிரி வாலை ஆட்டுவான். பிறகு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டோம்.

அவனையும் ஏற்றிக்கொண்டு நானும் அவரும் மும்பையிலிருந்து கோவாவுக்குப் பாய்மரப் படகில் போனோம் என்று சொன்னால், இப்போது நாங்கள் இருக்கும் துவாரகா சொசைட்டியில் ஒருத்தரும் நம்புவதில்லை. "எஞ்சின் படகா, ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். எஞ்சின் இருந்தது, துறைமுகத்தை விட்டு வெளியே வரவும் உள்ளே போகவும் மட்டும். மற்றபடி காற்றுதான். அதற்கு மேல் நின்று விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அவர் பதினைந்து வருடம் கடற்படையில் இருந்தவர். வெளியே வந்ததும் டெல்லியில் ஒரு சர்க்கார் பவனில் மேஜை வேலை கிடைத்தது. கடலில் இருந்த மனுஷன் தினமும் காலையில் சார்ட்டர்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர் ஆனார். டெல்லியின் அவசரம் என்னைவிட அவருக்குத்தான் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் "ஜல்தி", சீக்கிரம் சீக்கிரம் என்று. டிபன் டப்பா கட்டும்போது ஜல்தி, வீட்டைப் பூட்டும்போது ஜல்தி, மலைமந்திரில் நான் கண்ணை மூடி நின்றால்கூடக் காதோரமாக ஒரு ஜல்தி. முருகனே கோபித்துக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய ஆளாக மாறுவார். ஓக்லாவில் தடுப்பணைக்கு மேலே யமுனை அகலமாகத் தேங்கி நிற்கும் இடத்தில் ஒரு படகு கிளப் இருந்தது. பழைய சகாக்கள் தயவில் அவருக்கு அங்கே ஒரு சின்னப் பாய்மரப் படகு கிடைக்கும். கொஞ்ச நாள் நானும் நாயும் கரையில் உட்கார்ந்திருந்தோம், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு. அப்புறம், இவர் மட்டும் ஏன் அனுபவிக்க வேண்டும் என்று நானும் ஏறினேன். மூன்று குளிர்காலம் அங்கே கற்றதுதான் என் கப்பல் படிப்பு.

அந்தப் படிப்பின் இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், படகைத் திருப்பும் நேரத்தில் காற்று சட்டென்று பலத்துவிட்டது. அவர் பழக்கதோஷத்தில் "ஜல்தி! ஜல்தி!" என்று கத்தினார். யாராவது விரட்டினால் எனக்குக் கை கால் ஓடாது. பிடித்திருக்க வேண்டிய கயிற்றை விட்டேன். விட வேண்டியதை இறுக்கிப் பிடித்தேன். படகு கவிழ்ந்தது. யமுனைத் தண்ணீரைப் பற்றி டெல்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அதை ஒரு வாய் குடித்தேன். தலையில் ஆகாயத்தாமரையோடு நான் கரையேறியபோது எங்கள் நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது.

அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, இனிமே படகுல அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"எந்த வார்த்தை?"

"மூச்சு விடறதுக்குப் பதிலாச் சொல்றீங்களே, அது."

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த "ங்க" மட்டும் போகாது. நாயின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன். அன்றிலிருந்து படகில் கால் வைத்தால் அவர் வாயில் அந்தச் சொல் வராது. "மெதுவா இழு. அவசரமில்ல. இப்ப விடு" என்பார். நானும் தைரியமாகக் கற்றுக்கொண்டேன். ஒரு மனுஷனின் நாக்கையே திருத்திவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அவர் கடற்படையில் இருந்தபோது மேலதிகாரியாக இருந்த ஒருவர் ஓய்வுபெற்றுக் கோவாவில் குடியேறினார். அவருடைய பாய்மரப் படகு மும்பையில் நின்றது. இருபத்தெட்டு அடி நீளம்; உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பும் உண்டு. முதுகுவலியால் அவரால் அதை ஓட்டி வர முடியவில்லை. கொண்டுவந்து தர முடியுமா என்று என் வீட்டுக்காரரை ஃபோனில் கேட்டார். ஃபோனை வைத்த பிறகும் இவர் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. உடனே "போலாமுங்க" என்றேன். இன்னொரு தடவை யாரும் ஒரு படகைத் தூக்கி எங்கள் கையில் தரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

சண்டை நாயால் வந்தது.

"சத்தர்பூர்ல நாய் பாத்துக்குற எடம் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு அங்கன விட்டுட்டுப் போவோம்" என்றார்.

"அவனில்லாம நான் வர்லீங்க."

"ரெண்டு ராத்திரி, மூணு பகல். தரையே கெடையாது. அவன் ஒண்ணுக்கு எங்கன போவான்?"

அது நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் அவனைக் காலையில் கீழே வேப்பமரத்துக்குக் கூட்டிப்போவது அவர் வேலை. போன சுருக்கில் இரண்டு பேரும் திரும்பிவிடுவார்கள். பஸ் பிடிக்க வேண்டுமே. நான் அந்த நேரத்தில் இட்லித் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் என் முறை. என்னோடு வந்தால் மரம் மரமாக மோந்து பார்த்து அரைமணி நேரம் எடுத்துக்கொள்வான். மண்ணும் மரமும் இல்லாமல் அவன் போனதே கிடையாது.

"நான் பழக்கிக்கறேனுங்க" என்று வீம்பாகச் சொன்னேன். வீம்பு போதாதென்று கெடுவையும் நானே வைத்தேன். வழியில் பாதிக்கு மேல் ரத்னகிரி வரும். அங்கே கரையில் கலங்கரை விளக்கம் உண்டு. அது கண்ணில் படுவதற்குள் நாய் போகவில்லை என்றால் படகை உள்ளே திருப்பிவிட வேண்டும். வாயில்லா ஜீவனை வதைக்கக் கூடாது. ஆனால் ரத்னகிரிக்குள் போனால் பயணம் அதோடு முடிந்தது. வழியில் வேறு துறைமுகத்தில் நுழைந்தால் காகிதம், கையெழுத்து, முத்திரை என்று லீவு முழுக்க அங்கேயே கழிந்துவிடும் என்று படகின் சொந்தக்காரர் முன்பே எச்சரித்திருந்தார். படகை அங்கே விட்டுவிட்டு நாங்கள் ரயிலேற வேண்டியதுதான். ஆக, நாய் போகாவிட்டால் என் வீட்டுக்காரர் கோவாவுக்குப் போக முடியாது. அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

"சரி, நீ சொன்னா சரி" என்றார். அவர் அப்படிச் சொன்னால் பிறகு மாற்ற மாட்டார்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ப் பச்சரிசி, அப்பளம், பருப்புப்பொடி, காபிப்பொடி எல்லாம் வாங்கினோம். அரிசிப் பை ஒன்று காலியானதும் வேப்பமரத்தடி மண்ணை அதில் வாரிக் கட்டிக்கொண்டேன். வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடியையும் எடுத்துக்கொண்டேன். அதில் மண்ணைத் தூவி, படகில் போட்டால் அவனுக்கு வீட்டு ஞாபகம் வரும் என்பது என் திட்டம். ஒரு குழந்தையின் லைஃப் ஜாக்கெட்டை வெட்டித் தைத்து அவனுக்கு மாட்டினேன். மாடி வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "நாளான்னிக்கே திரும்பி வந்துடுவேள், பாருங்கோ" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை எழுத வேண்டாம்.

ரயிலில் எங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன முதல் வகுப்பு அறை எடுத்து, நாயை ஏற்றினோம். கோட்டா ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. இவர் அவனை இறக்கிக் கூட்டிப்போய், இரண்டே நிமிடத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு ஏறினார். மரமில்லாத சிமெண்ட் பிளாட்பாரம். "பாத்தீங்களா, அவனுக்கு எங்கேயும் போகத் தெரியுது" என்று நான் மார்தட்டினேன். அவர்கள் கீழே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

மும்பையில் ஒரு வாரம் படகோடு பழகினோம். அந்த வாரமெல்லாம் அவர்தான் நாயைக் காலையும் மாலையும் கரைக்குக் கூட்டிப்போய் வந்தார். கிளம்பிய அன்று காலை ஏழு மணிக்குத் துறைமுகத்தைத் தாண்டி, எஞ்சினை நிறுத்தி, இரண்டு பாயையும் ஏற்றினோம். சத்தம் நின்றது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, தானாக ஓட ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓக்லாவில் கையகலத் தண்ணீரில் இங்கும் அங்குமாகத் திரும்பிக்கொண்டிருந்தவள், கரை மறையும் வரை நேராகப் போகிறேன்! அவர் சுக்கான் பிடியை என்னிடம் தந்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து, சர்க்கார் உத்தியோகத்தை மறந்த முகத்தோடு காபி குடித்தார்.

நாய் மட்டும் போகவில்லை.

பாய்மரத்தின் அடியில் மிதியடியைக் கட்டி மண்ணைத் தூவினேன். அவன் வந்து மோந்தான், சுற்றிச் சுற்றி வந்தான், அதன் மேலேயே படுத்துத் தூங்கினான். மத்தியானம் கெஞ்சினேன். "போ சாமி, இங்கேயே போ, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்." வாலை ஆட்டினான். சாயங்காலம் மிரட்டினேன். அதற்கும் வாலை ஆட்டினான். அவர் வந்து, தன் சத்தியத்துக்குப் பங்கமில்லாமல், "மெதுவாப் போலே, அவசரமில்ல" என்று சொல்லிப் பார்த்தார். நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, இன்னும் ஏதோ சொல்வார் என்பது போலக் காத்திருந்தான். வீட்டில் இத்தனை வருடமாக நல்ல பிள்ளையாக வளர்த்தது தப்பாகப் போயிற்று. அவன் கண்ணுக்கு அந்தப் படகு எங்கள் வீடு. வீட்டுக்குள் போகக் கூடாது.

இரவு காற்று குறைந்து மெதுவாக நகர்ந்தோம், ஆளுக்கு மூன்று மணி நேரம் மாறி மாறி. மறுநாள் காலையில் அவன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். வைத்த தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மத்தியானம் பின்னங்காலை அகட்டி வைத்து நடக்க ஆரம்பித்தான். அடிவயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. சத்தர்பூரில் விட்டிருந்தால் இந்நேரம் அங்கே ஏதாவது மரத்தடியில் சுகமாக இருந்திருப்பான். இவரும் நிம்மதியாகக் கோவா போயிருப்பார். என் பிடிவாதத்தால் இரண்டு பேருக்கும் கெட்டது.

ரத்னகிரி கலங்கரை விளக்கம் இடது பக்கம் மேட்டின் மேல் தெரிந்தபோது மணி மூன்று. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். சுக்கானைத் திருப்பினார். படகின் மூக்கு கரையைப் பார்த்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாமுங்க."

"வேண்டாம். அவனால முடியல. கடல் எங்கயும் போயிராது" என்றார்.

அத்தனை வருடம் பவனில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர் அதைச் சொல்கிறார். குரலில் துளி வருத்தம் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியாக ஒரு முறை பார்ப்போம் என்று நாயைப் பாய்மரத்தடிக்குக் கூட்டிப்போய், அவன் ஜாக்கெட்டின் கயிற்றை மரத்தில் கட்டினேன். மிதியடியில் நிறுத்தினேன். அவன் பரிதாபமாக என்னைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கே தண்ணீர் கறுத்து வந்தது; அடுத்த நிமிடம் படகு சாய்ந்து என் கணுக்காலைக் கடல் நனைத்தது. "பெரிய பாய இறக்கணும். மெதுவா. அவசரமில்ல" என்று அவர் பின்னாலிருந்து குரல் கொடுத்துவிட்டு, படகைக் காற்றுக்கு எதிரே திருப்பினார். நான் கயிற்றை அவிழ்த்தேன். பாய் பாதி இறங்கி, சிக்கி நின்றது. இழுத்தேன், வரவில்லை. ஒரு அலை வந்து படகைத் திருப்ப, அரைப் பாயில் காற்று ரொம்பி, படகு மறுபடி சாய்ந்தது. அவ்வளவுதான், அவருடைய மூன்று குளிர்காலத்து விரதம் போயிற்று.

"ஜல்தி! அரே, ஜல்தி! ஜல்தி, ஜல்தி!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு கையாலும் தொங்கி இழுத்தேன். பாய் முழுசாகச் சரிந்து என் தலைமேல் விழுந்தது. அந்தத் துணிக்கடியில், ஒரு முழ தூரத்தில், நாயைப் பார்த்தேன். இரண்டு காதும் நிமிர்ந்து நின்றன. முகம் தெளிந்திருந்தது. ஆடுகிற படகில் மூன்று காலில் பேலன்ஸ் செய்து, ஒரு காலைத் தூக்கி, பாய்மரத்தின் மேலேயே அடித்தான். அடித்தான், அடித்தான், நிறுத்தாமல் அடித்தான். முப்பத்திரண்டு மணி நேரம் அடக்கியது அத்தனையும் மிதியடியை நனைத்து, என் காலை நனைத்து, ஓடியது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. தினமும் காலையில், நான் இட்லி வேகக் காத்திருக்கும்போது, கீழே வேப்பமரத்தடியிலிருந்து கேட்கும் குரல்: "ஏலே, ஜல்தி. ஜல்தி, ஜல்தி." பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் சொன்னார். ஒண்ணுக்குப் போ என்று நாய் புரிந்துகொண்டது. பாவம், அவனுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே தெரியாது. கோட்டாவிலும் அதைத்தான் சொல்லியிருப்பார். மும்பையில் கரைக்குக் கூட்டிப்போனபோதும் அதேதான். படகில் மட்டும் அந்த உத்தரவு வரவேயில்லை, ஏனென்றால் அதை நான் தடை செய்திருந்தேன்; அதுவும் அவன் தலையிலேயே கை வைத்து!

பாயை விலக்கித் தலையை வெளியே நீட்டி, "போயிட்டானுங்க! போயிட்டான்!" என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கடலைப் பார்த்தார். "எங்கன? எந்தப் பக்கம் விழுந்தான்?"

"விழலீங்க! போயிட்டானுங்க! ஒண்ணுக்குப் போயிட்டான்! நல்லாப் போயிட்டான்!"

நம்பவில்லை. முன் பாய் மட்டும் இருந்ததால் படகு அடங்கியிருந்தது. சுக்கானைக் கட்டிவிட்டு முழங்காலால் நகர்ந்து முன்னே வந்தார். மிதியடியைப் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்த்தார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "ஏட்டி, நீதான சத்தியம் வாங்குன!" என்றார். அவர் என்னை "ஏட்டி" என்பது ரொம்ப சந்தோஷமாக இருக்கும்போது மட்டும்தான்.

"தடை நீங்கிருச்சுங்க. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லிக்கோங்க. இப்ப தெக்கே திருப்புங்க."

திருப்பினார். நாய் ஒரு கிண்ணம் தண்ணீரையும் மிச்சமிருந்த தயிர்சாதத்தையும் காலி செய்தான். ரத்னகிரி கலங்கரை விளக்கம் எங்களுக்குப் பின்னால் போயிற்று. அது மறையும் வரைக்கும் நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அப்பளம் தின்றேன். சாயங்காலம் அவர் நாயை மிதியடிக்குக் கூட்டிப்போய் மெல்லிய குரலில் சொன்னார், அவன் போனான். மறுநாள் காலையில் ஆளையே எதிர்பார்க்காமல் தானாகப் போய்விட்டு வந்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல் கோவாவின் அகுவாதா கோட்டையை இடது பக்கம் விட்டு ஆற்றுக்குள் நுழைந்தோம். உள்ளே கொண்டுபோனது நான். "நீயே கொண்டு போ" என்று சொல்லிவிட்டு அவர் கயிறுகளோடு முன்னால் நின்றார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அலை, மணல்திட்டு, குறுக்கே வந்த மீன்பிடிப் படகு, எல்லாவற்றையும் தாண்டி, தொட்டது தெரியாமல் துறையில் அணைத்தேன். பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு வெட்கமே இல்லை.

துறையில் ஒரு காவலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். படகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார். "கித்னே லோக்?" என்று கேட்டார். எத்தனை பேர்.

இரண்டு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நாயைச் சத்தர்பூரில் விட்டுவிட்டு வரலாம் என்ற என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"தீன்."

காவலர் படகுக்குள் எட்டிப் பார்த்தார். மூன்றாவது ஆள் அப்போது லைஃப் ஜாக்கெட்டோடு படகின் மூக்கில் நின்று துறையில் இருக்கிற அத்தனை பேரையும் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தான். காவலர் இவரைப் பார்த்தார். இவர் சிரிக்காமல், "தீன் லிகியே" என்று மறுபடி சொன்னார். மூன்று என்றே எழுதுங்கள் என்று. காவலர் எழுதினார்.

நான் ஓங்கி அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.